தோலும் தாளும்: எட் ஹார்டியின் ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலைகளை நுண்கலை எனவும் பயன்கலை எனவும் இரு கூறாக்கி, முன்னையதை உயர்ந்ததாகவும் பின்னையதைத் தாழ்ந்ததாகவும் கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவிலே பிற்காலத்தில் வேரூன்றியதாகும். இவ்வுண்மையை வற்புறுத்திக் கூறியவருள் ஆனந்த குமாரசுவாமி முதன்மையானவர். கொழும்பிலே 1877இற் பிறந்த அவர், 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே கைவினைஞரின் உழைப்பையே கலைவரலாற்றின் நடுவிடத்தில் வைத்து ஆராய்ந்தார். அவரது கருத்தை இன்று மறுப்பார் அரியர். எனினும், கோட்பாடாக ஒப்புக்கொள்வது எளிது. ஒரு குறிப்பிட்ட கலைஞனை முன்னிறுத்தி அதனைச் சோதித்துப் பார்ப்பது அத்துணை எளிதன்று. குயவனின் பானையையோ நெசவாளியின் சேலையையோ நூதனசாலையில் வைத்துப் பாராட்டுவதில் எவருக்கும் சங்கடமில்லை. உயிருள்ள மனிதரின் தோலில் ஊசியால் எழுதுபவனின் ஆக்கத்தை எங்ஙனம் மதிப்பிடுவது? அதே மனிதன் தூரிகை பிடித்துத் திரையிலும் தாளிலும் தீட்டும் ஓவியனாகவும் இருப்பானாயின், அவனது இரு தொழில்களையும் ஒன்றாக நோக்குவதா, வெவ்வேறாக நோக்குவதா?

இவ்வினாக்களை அமெரிக்கக் கலைஞரான டொன் எட் ஹார்டியின் வாழ்வும் ஆக்கங்களும் தவிர்க்கமுடியாதவாறு எழுப்புகின்றன. அவரது பெயரை அறிந்தோர் பலர். ஆனால் அவருட் பெரும்பாலார் அதனை ஆடைகளில் அச்சிடப்பட்ட ஒரு வணிகப் பெயராகவே அறிவர். ஓவியத் திறனாய்வாளர் பலரும் அவரைப் பச்சைகுத்துபவர் என ஒதுக்கினர். பச்சைகுத்தும் தொழிலிலுள்ளோர் அவரைத் தம் தொழிலுக்குக் கௌரவம் தேடித்தந்தவரெனப் போற்றினர். இரு சாராரும் அவரது கோட்டையும் வண்ணத்தையும் நிதானமாக நோக்கினர் எனக் கூறுவது கடினம்.

தமிழிலே இக்கலைக்கு வழங்கும் பெயர் பற்றி ஓரிரு சொல் கூறிச் செல்வது தகும். பச்சை குத்துதல் என்னும் தொடரில் நிறமும் வினையும் அடங்கியுள்ளன. வடிவம் பற்றியோ அழகு பற்றியோ ஒன்றுமில்லை. சங்க இலக்கியம் பேசும் தொய்யில் இதனின் வேறானது. அது மகளிர் மேனியிற் குழம்பு கொண்டு எழுதப்பட்டுப் பின் அழிந்துபோவது. குத்தப்பட்டது அழியாது. மலையகத் தோட்டங்களிலே முதிய பெண்கள் சிலரின் முன்னங்கையிற் காணப்படும் புள்ளிக்கோலங்களை எழுதியவர் எவர் என்று எவரும் வினவியதில்லை. எழுதியவரின் பெயர் மறைந்து, எழுதப்பட்டவரின் உடலோடு கோலம் மட்டும் நிலைப்பதே இத்தொழிலின் பொது இயல்பு. ஹார்டியின் வரலாற்றில் இவ்வியல்பு முற்றாகத் தலைகீழானமை பின்னர் நோக்கப்படும்.

ஹார்டி 1945இற் பிறந்து தென் கலிபோர்ணியாவின் கடற்கரைப் பகுதியில் வளர்ந்தவர். உலகப் போருக்குப் பிந்திய அக்காலத்தில், போரில் ஈடுபட்டு மீண்ட கடற்படையினரதும் படைவீரரதும் கைகளில் நங்கூரமும் கழுகும் இதயமும் குத்தப்பட்டிருந்தன. பத்து வயதுச் சிறுவனான ஹார்டி வீட்டிலே ஒரு விளையாட்டுக் கடையை அமைத்து, வண்ணப் பென்சில்களாலும் கண்மையாலும் அயற்பிள்ளைகளின் உடலில் அவ்வுருவங்களை வரைந்தார். லோங் பீச் நகரின் கேளிக்கைத் திடலிலே பேர்ட் கிறிம் என்னும் தொழில்வல்லுநர் நடத்திவந்த கடைக்குச் சென்று நெடுநேரம் பார்த்திருப்பது அவரது வழக்கமாயிற்று. அக்காலத்தில் அவர் வரைந்த மாதிரித்தாள்கள் இன்றும் உள்ளன. சிறுபிள்ளைத்தனமான அவ்வரைவுகளிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு: உருவங்களைச் சூழ்ந்து செல்லும் தடித்த கருங்கோடு. கோட்டினை முதலில் நிறுவி, அதனுள் வண்ணத்தை அடக்கும் அம்முறையை அவர் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை; கடைச்சுவரிற் கற்றார்.

பின்னர் அவர் சான்பிரான்சிஸ்கோ கலைக் கல்விநிலையத்திற் பயின்று 1967இல் அச்சோவியத்துறையிற் பட்டம் பெற்றார். கோர்டன் குக், ஜோன் பிரவுண் ஆகியோர் ஆங்கு அவரது ஆசிரியர்கள். அக்காலத்து அமெரிக்க ஓவிய உலகில் உருவத்தைத் துறந்த பண்போவியத்தின் செல்வாக்குப் பெரிது. கதையும் சின்னமும் கொண்ட ஓவியம் பழமை எனக் கருதப்பட்டது. ஹார்டி தெரிந்துகொண்ட துறையோ அச்சோவியத்துள்ளும் மிகப் பழையதொன்றான எச்சிங் முறை. இதிற் செப்புத் தகட்டின்மீது மெழுகுப்படலம் பூசப்படும். கலைஞன் கூரிய ஊசியால் அப்படலத்தைக் கீறுவான். தகட்டை அமிலத்தில் இட, கீறப்பட்ட இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அரித்த பள்ளங்களில் மை இறங்கும். ஈரத்தாளை வைத்து அழுத்த, மை தாளில் ஏறும்.

இம்முறையை விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. தூரிகை ஓவியத்திலே நிறம் பரப்பின் மேலே தங்குகின்றது. எச்சிங்கிலோ கோடு பரப்பின் கீழே, ஒரு காயத்தின் உள்ளே இருக்கின்றது. பச்சைகுத்துதலும் அவ்வாறே. மேற்றோலைக் கடந்து உட்டோலில் மை நிலைபெறுகின்றது. மேற்றோல் ஆறிப் புதுப்பித்துக்கொண்ட பின்னரும், அதனூடாக உள்ளிருக்கும் கோடு தெரிகின்றது. ஊசி, மை, பள்ளம், திருத்த இயலாமை ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொது. ஆனால் எச்சிங்கிலே தகடு வேறு, தாள் வேறு. ஒரு தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். தோலிலோ தகடும் தாளும் ஒன்றே, படி ஒன்றே. யப்பானிய மொழியிலே மரக்கட்டையிற் செதுக்குதற்கும் தோலிற் குத்துதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குவது இவ்வுறவின் பழமையைக் காட்டும். ஆகவே ஹார்டி அச்சோவியத்தைக் கைவிட்டுப் பச்சைகுத்தும் தொழிலுக்குத் தாவினார் என்று சிலர் எழுதுவது மேலோட்டமான கூற்று. அவர் கற்ற தொழில்நுட்பம் அவரை இட்டுச்சென்ற இடம் அது.

இதற்குச் சான்றாக 1967இல் அவர் செய்த "எதிர்காலத் திட்டங்கள்" என்னும் எச்சிங் அமைகின்றது. அதில் அவர் தம்மையே உடலெங்கும் பச்சை குத்தப்பட்டவராக வரைந்துள்ளார். தற்படம் என்பது மேனாட்டோவிய மரபில் ஓவியன் தன் தகுதியை நிலைநாட்டும் வகை. டியூரரும் றெம்பிறண்டும் அவ்வகையிற் செய்தவை யாவரும் அறிந்தவை. ஹார்டியின் தற்படமோ, கலைக் கல்விநிலையம் வழங்கும் தகுதியை அக்கல்விநிலையம் கற்பித்த முறையினாலேயே மறுத்து நிற்கின்றது. அவ்வாண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும் அவர் செல்லவில்லை. இதனைத் துணிவு என்று புகழ்வதிலும் பார்க்க, எந்தப் பொதுமக்களுக்காகத் தாம் வரையவேண்டும் என்பதை அவர் தீர்மானித்துக்கொண்டார் எனக் கொள்வதே பொருந்தும். ஓவியக்கூடத்திற்கு வருபவர் ஒரு வகையினர். ஊசிக்கடைக்கு வருபவர் வேறு வகையினர்.

தொழிலின் தொடக்கத்தில் அவருக்கு வழிகாட்டியவர் பற்றிப் பல்கலைக்கழக வாசகர் அறிந்திருப்பது சுவையானது. பில் ஸ்பறோ என்ற பெயரில் ஓக்லண்ட் நகரிற் கடை நடத்திய அவரின் இயற்பெயர் சாமுவேல் ஸ்ருவேட். ஆங்கில இலக்கிய விரிவுரையாளராய்ச் சிகாகோவிற் பணியாற்றி, 1956இல் அப்பதவியை நீங்கிப் பச்சைகுத்துதலையே முழுநேரத் தொழிலாக்கியவர் அவர். யப்பானியப் பச்சைகுத்துதல் பற்றிய நூலொன்றை அவரிடம் கண்டதே ஹார்டியின் நோக்கை மாற்றியது. பெரும் முதுகொன்றையே முழுத்திரையாகக் கொண்டு ஒரே ஓவியம் தீட்டலாம் என்பது அமெரிக்கக் கடைச்சுவர்களிற் காணாத காட்சி.

இவ்விடத்தில் இரு மரபுகளின் வேறுபாடு விளக்கப்படவேண்டும். சாமுவேல் ஓறைலி 1891இல் நியூயோர்க்கில் மின்னூசிப் பொறிக்கு உரிமம் பெற்றபின், அமெரிக்காவில் இத்தொழில் விரைவுத் தொழிலாயிற்று. அவ்வுரிமத்தின் மூலம், எடிசனின் மின்பேனா என்பது குறிப்பிடத்தக்கது. அலுவலகத்திற் படியெடுக்கும் கருவியே தோலிற் படியெடுக்கும் கருவியாயிற்று. கடைச்சுவரில் மாதிரித்தாள்கள் தொங்கும். கடலோடி ஒன்றைச் சுட்டுவான். அதன் புறக்கோடு வெட்டப்பட்ட தகட்டிற் கரித்தூள் தேய்த்து, தோலில் அழுத்தி, அக்கோட்டின் வழியே ஊசி ஓடும். அடுத்தவன் வரிசையிற் காத்திருப்பான். விலை, உருவத்தின் அளவுக்கேற்பச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். இவ்வுற்பத்தி முறையின் விளைவாக உருவங்கள் சிறியன, தனித்தனியானவை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒருவனின் கையிலே கழுகும் நடனமாதும் கத்தியும் அருகருகே இருக்கும். அவற்றை இணைப்பது அவனது பயண வரலாறேயன்றி ஓவிய அமைப்பன்று.

யப்பானிய மரபு வேறான சமூகச் சூழலில் வளர்ந்தது. எடோ நகரின் தீயணைப்போரும் கூலியாளரும் பச்சை குத்திக்கொண்ட காலத்தில், உட்டகாவா குனியொஷி 1820களின் இறுதியில், சீனநாட்டு 108 கொள்ளை வீரர் கதையைத் தழுவி வெளியிட்ட மரக்கட்டை அச்சோவியத் தொடர் பெரும் புகழ்பெற்றது. அவ்வோவியங்களில் வீரர் பலரின் உடலிலே பறவைநாகமும் அலையும் மலரும் நிறைந்திருந்தன. மக்கள் அவ்வுருவங்களைத் தம் உடலில் வேண்டினர். ஓவியத்திலுள்ள உடலின் ஓவியம், உண்மை உடலுக்கு இறங்கியது. ஆளும் வர்க்கத்தினர் பட்டாடை மூலம் காட்டிய பெருமிதத்தை உழைப்பாளி தன் தோலிலேயே தரித்தான் என்று கொள்வதிற் தவறில்லை. மெய்ஜி அரசு 1872இல் இதனைத் தடைசெய்தது. 1948இலேயே தடை நீங்கியது. தடையின் விளைவாகக் கலை மறைவிடம் புகுந்தது. குற்றக் குழுவினரோடு பிணைக்கப்பட்டது.

இவ்விரு மரபுகளுக்கும் இடையிலே பாலமாய் நின்றவர் ஹொனலூலூவிற் கடை நடத்திய நோர்மன் கொலின்ஸ். மாலுமி ஜெறி எனப் பெயர்பெற்ற அவர், யப்பானிய வல்லுநரோடு கடிதத் தொடர்பு கொண்டு, அவர்களின் பின்னணி அமைப்பை அமெரிக்கக் கோட்டோடு சேர்த்தார். ஹார்டி அவரோடு கடிதமூலமும் நேரிலும் பழகி, அவரது தொடர்பினாலேயே 1973இல் யப்பானின் கிஃபு நகருக்குச் சென்று, ஹொரிஹிடே என்னும் தொழிற்பெயர் பூண்ட கசுவோ ஒகுரியிடம் பணிபுரிந்தார். கொலின்ஸ் அதே ஆண்டில் இறந்தார். ஹார்டி யப்பானில் நெடுங்காலம் தங்க எண்ணியே சென்றார். ஆயின் சில மாதங்களில் மீண்டார். அம்மரபு தன்னளவில் நிறைவுபெற்றிருந்தது; அங்கு நிற்பதாயின் அதனைத் திரும்பச் செய்வதன்றி வேறு வழியில்லை. அவர் கொண்டுவந்தவை பறவைநாகங்கள் மட்டுமல்ல. உடலின் வளைவும் தசையின் அசைவும் ஓவியத்தின் அமைப்பைத் தீர்மானிக்கவேண்டும் என்னும் விதியையும் கொண்டுவந்தார்.

1974இல் அவர் சான்பிரான்சிஸ்கோவில் "றியலிஸ்ரிக்" என்னும் கூடத்தைத் திறந்தார். அங்கு மாதிரித்தாள் சுவரில் இல்லை. முன்னரே நேரங் குறித்து வருபவரோடு உரையாடி, அவர் வேண்டியதற்கேற்பத் தனித்தனியாக வரைந்து குத்துவதே முறை. இம்மாற்றத்தைத் தொழில் வரலாற்றாசிரியர் ஒரு விடுதலையாக வருணிப்பர். ஊசிக்காரன் கலைஞனானான் என்பர். இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. மாறியது கலைஞனின் நிலை மட்டுமன்று. வருபவனின் வர்க்கமும் மாறியது. நேரங் குறித்து, பல அமர்வுகளுக்குப் பணமும் பொழுதும் செலவிடக்கூடியவன் மறுநாட் கப்பலேறும் மாலுமியல்லன். சுவரிலிருந்து ஒன்றைச் சுட்டியவன் தன் சகபாடிகள் அணிந்ததையே அணிந்தான். அது ஒரு கூட்டத்தினனாய்த் தன்னைக் காட்டும் அடையாளம். புதிதாய் வந்தவனோ வேறெவரிடமும் இல்லாததை வேண்டினான். தனிமனிதவாதத்தின் தேவைக்கேற்பவே இக்கலை தன் உற்பத்தி முறையை மாற்றிக்கொண்டது எனலாம். பேர்ட் கிறிமின் சுவரைப் பார்த்து வளர்ந்தவரே அச்சுவரை அகற்றினார் என்பதில் ஒரு முரண் உண்டு. ஹார்டி அதனை உணர்ந்தவர் போலும். 1977இல், தெருவிலிருந்து எவரும் புகக்கூடிய "ரற்றூ சிற்றி" என்னும் கடையையும் அவர் அதே நகரிற் தொடங்கினார்.

ஆயினும் இப்புதிய உறவிலிருந்து தோன்றிய வரைவுகளே அவரது ஆக்கங்களுள் மிக நுட்பமானவை. மென்தாள்களிற் பென்சிலாலும் மையாலும் வரையப்பட்ட இவை, தோளின் வளைவையும் முதுகின் அகலத்தையும் கணக்கிற் கொண்டவை. தாளிற் பார்க்கும்போது, பறவைநாகத்தின் உடல் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பருத்தும் வேறிடத்திற் காரணமின்றி நெளிந்தும் தோன்றும். தாளை ஒரு தோளின்மேல் வைத்ததாகக் கற்பனை செய்தவுடன் அப்பிழைகள் மறைந்துவிடுகின்றன. வெற்றிடங்களும் அவ்வாறே. மை தோலினுள் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிறிது பரவும். நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று கலக்கும். ஆகவே இன்று வெறுமையாகத் தெரியும் இடம் முப்பதாண்டின் பின் நிகழவிருக்கும் பரவலுக்காக ஒதுக்கப்பட்டது. காலத்தால் நேரும் தேய்வைத் தொடக்கத்திலேயே அமைப்பினுட் சேர்த்து எண்ணும் இவ்வொழுங்கு தாளில் வரையும் ஓவியனுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

1982இல் அவர் "ரற்றூரைம்" என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அதன் முதலிதழின் பொருள், புதிய பழங்குடிமை. போர்ணியோ, சமோவா முதலிய இடங்களின் கரும்பட்டை வடிவங்களை மேனாட்டு நகரவாசிகளுக்கு அறிமுகஞ் செய்ததில் இவ்விதழுக்குப் பெரும் பங்குண்டு. இதனை மதிப்பிடும்போது இருபுறமும் நோக்கவேண்டும். மறைந்துகொண்டிருந்த வடிவங்களைக் கவனத்தோடு பதிவுசெய்து, அவற்றை வெறும் காட்டுமிராண்டி வழக்கென இகழ்ந்த குடியேற்றவாதப் பார்வையை மறுத்தமை அதன் சிறப்பு. ஆனால் சமோவாவின் ஆண்மகன் இடையிலிருந்து முழங்கால்வரை குத்திக்கொள்ளும் கோலம், அவன் குடும்பத்துக்கும் குலத்தலைவருக்கும் ஆற்றவேண்டிய கடமையோடு பிணைந்தது. அதனைத் தாங்கி முடிக்காதவன் இழிவடைவான். கலிபோர்ணியாவில் அதே கோடு வலியை மட்டும் தந்தது, கடமையைத் தரவில்லை. வடிவம் பயணஞ்செய்தது, உறவு பின்தங்கியது. சஞ்சிகையின் ஆசிரியர் என்ற வகையில் ஹார்டி இவ்வினாவை எதிர்கொண்ட அளவு போதாது. அவரது சொந்தத் தோலோவியங்களில் இக்குறை அவ்வளவாக இல்லை. ஏனெனில் அவர் யப்பானிய, அமெரிக்க உருவங்களைக் கலக்கும்போது அக்கலப்பை மறைப்பதில்லை. குனியொஷியின் அலையிடையே கலிபோர்ணியாவின் அலைச்சறுக்கு வீரன் தோன்றினால், அது கலப்பு என்பதைப் பார்ப்பவன் உடனே அறிவான்.

1986இல் ஹார்டி ஹவாயிற் குடியேறி, நெடுங்காலம் கைவிட்டிருந்த தூரிகையை மீண்டும் எடுத்தார். இக்காலத்து ஓவியங்களைப் பற்றித் திறனாய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை. அவற்றுட் பல, தோலில் அவர் கடைப்பிடித்த ஒழுங்கை வேண்டுமென்றே மீறுகின்றன. வண்ணம் வழிகின்றது; கோடு பாதியில் நிற்கின்றது; ஓர் உருவத்தின்மேல் இன்னோர் உருவம் ஏறுகின்றது. பிறர் உடலில் இருபதாண்டு காலம் ஒருகணமும் கை நடுங்காது பணிபுரிந்த ஒருவனுக்கு, தவறு செய்ய இடந்தரும் ஒரு பரப்புக் கிடைத்ததன் களிப்பு அது. ஆனால் களிப்பு எப்பொழுதும் ஓவியமாவதில்லை. சிறிய அளவினதான சில ஆக்கங்களிலே, மண்டையோடும் இதயமும் புலியும் வெறும் பழக்கத்தினால் வந்து அமர்கின்றன. அவற்றை வேண்டி எதிரே அமர்ந்திருக்கும் மனிதன் இல்லை. அவன் இல்லாதபோது அச்சின்னங்கள் எவரது ஆசையையும் அச்சத்தையும் தாங்குவதில்லை, அலங்காரமாகிவிடுகின்றன.

இதற்கு விதிவிலக்காய் நிற்பது "2000 பறவைநாகங்கள்" என்னும் நெடுஞ்சுருள். 2000ஆம் ஆண்டு சீன நாட்காட்டியின்படி பறவைநாக ஆண்டு. அவ்வாண்டிலே 4 அடி அகலமும் 500 அடி நீளமும் கொண்ட செயற்கைத்தாட் சுருளில் இரண்டாயிரம் பறவைநாகங்களை அவர் தீட்டினார். செய்தி கேட்பவர்க்கு இது ஒரு வித்தைபோற் தோன்றலாம். கின்னஸ் புத்தகத்துக்குரிய செயலென்று ஒதுக்கவும் இடமுண்டு. ஆனால் எண்ணிக்கையே இங்கு அமைப்பாகின்றது. சில நாகங்கள் செதில், நகம், மீசை யாவும் நிறைந்து எழுகின்றன. சில ஒரே தூரிகை வீச்சாகச் சுருங்குகின்றன. சில மேகமோ புகையோ என ஐயுறும்வண்ணம் கரைகின்றன. ஒரு வடிவத்தை ஆயிரந்தடவை பிறர் உடலிற் சரியாகச் செய்தவன், அதே வடிவம் எந்தப் புள்ளியில் தன் பெயரை இழக்கும் என்று தேடுகின்றான்.

சென் றொங் 1244இல் வரைந்த "ஒன்பது நாகங்கள்" என்னும் சீனச் சுருளோவியத்தோடு இதனை ஒப்புநோக்குவது பயன்தரும். பொஸ்ரன் நூதனசாலையிலுள்ள அவ்வோவியத்திலே ஒன்பது நாகங்களும் மூடுபனியிலும் பாறையிலும் நீரிலும் பாதி மறைந்து பாதி தோன்றுவன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையில் உள்ளது. கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடைவெளியிலேயே ஓவியத்தின் மூச்சு உள்ளது. ஹார்டியின் சுருளில் அவ்விடைவெளி குறைவு. நெரிசல் அதிகம். ஆனால் அந்நெரிசல் அவர் வளர்ந்த கடைச்சுவரின் நெரிசல். சீனச் சுருளை இருவர் அமர்ந்து கைகளாற் சிறிது சிறிதாக விரித்துப் பார்ப்பர். 500 அடியை எவரும் ஒருங்கே பார்க்க இயலாது, நடந்தே செல்லவேண்டும். நடப்பவனின் உடல் ஓவியத்தோடு அசைகின்றது. தோலோவியத்திலே உடல் ஓவியத்தைச் சுமந்து நடந்தது. இங்கு ஓவியத்தின் பக்கமாக உடல் நடக்கின்றது. ஹார்டியின் இரு தொழில்களும் ஒன்றுசேரும் இடம் இதுவே என்பது வலிந்துரைப்பதாகாது.

மூன்றாவது பரப்பு ஒன்றுண்டு, அது துணி. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே ஹார்டி தம் உருவங்களை ஆடைகளிற் பயன்படுத்தும் உரிமையை வணிகர்க்கு வழங்கினார். பிரான்சியரான கிறிஸ்ரியன் ஓடிஜியே என்னும் ஆடை வணிகர் அதனை உலகெங்கும் பரப்பினார். ரீசேட்டு, தொப்பி, வாசனைத் திரவியம் எனப் பண்டங்கள் பெருகின. நடிகரும் பாடகரும் அணிந்தனர். பின்னர் அணிந்தமைக்காகவே நகையாடப்பட்டனர். சில ஆண்டுகளிற் புகழ் உச்சம் ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. இதனைக் கலைஞனின் பேராசை என்று கூறி முடித்துவிடுவது திறனாய்வன்று. மாதிரித்தாள் தொடக்கத்திலிருந்தே ஒரு பண்டமாக இருந்தது. அதற்கு விலைப்பட்டியலும் இருந்தது. வேறுபாடு, வாங்குபவன் கொடுத்த விலையில் உள்ளது. ஊசிக்கு அமர்ந்தவன் பணத்தோடு வலியையும் கொடுத்தான். வாழ்நாள் முழுவதும் அத்தெரிவுக்குப் பொறுப்பேற்றான். சட்டை வாங்கியவன் மாலையில் அதனைக் கழற்றினான். மண்டையோடும் இதயமும் அதே கோட்டில், அதே வண்ணத்திலே தான் அச்சாயின. பொறுப்பு நீங்கியதும் உருவத்தின் பொருளும் நீங்கிற்று.

பெயரின் வரலாறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அமெரிக்கக் கடைகளிற் குத்தப்பட்டவற்றிற் பெரும்பாலும் கையொப்பமில்லை. யப்பானிய வல்லுநர் பெரும்பணி முடிந்தபின் ஒரு சிறு கட்டத்தினுள் தம் பெயரைப் பொறிப்பதுண்டு. சட்டையிலோ பெயர் உருவத்தினும் பெரிதாயிற்று. பறவைநாகம் பெயருக்கு அலங்காரமாயிற்று. பெயரின்றி எழுதிச்சென்ற ஒரு தொழிலிலிருந்து வந்தவர், உருவமின்றிப் பெயர் மட்டும் விற்பனையாகும் நிலையை அடைந்தார். ஹார்டியின் ஓவியங்களைக் குறித்து இன்று எழுதப்புகும் எவரும் முதலில் இப்பெயரைக் கடந்தே ஓவியத்தை அடையவேண்டியுள்ளது. நவீன சந்தை ஒரு கலைஞனுக்கு இழைக்கும் கேடுகளுள் இது சிறியதன்று. அவரே அதற்கு ஒப்பமிட்டார் என்பதனால் அது கேடன்றாகிவிடாது.

2019இல் சான்பிரான்சிஸ்கோவின் டி யங் நூதனசாலை அவரது ஆக்கங்களைத் தொகுத்துப் பெருங் கண்காட்சியொன்றை நடத்திற்று. பத்து வயதின் மாதிரித்தாள்கள் முதல் இரண்டாயிரம் நாகங்கள்வரை அங்கு இடம்பெற்றன. அந்நகரிலேயே பயின்று, அந்நகர்ச் சேகரத்தில் டியூரர், றெம்பிறண்டு முதலியோரின் அச்சோவியங்களைப் பார்த்துக் கற்ற மாணவனை நூதனசாலை அரைநூற்றாண்டின் பின் ஏற்றுக்கொண்டது எனப் பலர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சி நியாயமானதே. ஆயின் பச்சைகுத்துதல் கலையின் நிலைக்கு உயர்த்தப்பட்டது என அவர் கூறியபோது, நுண்கலை மேலே, பயன்கலை கீழே என்னும் பழைய ஏணியையே மீண்டும் நிறுத்தினர். உயர்த்தப்பட்டது எது? சுவரில் தொங்கியவை தாளும் துணியும் திரையும். அவரது தொழில்வாழ்வின் பெரும்பகுதி செலவான ஆக்கங்கள் அங்கு புகைப்படமாகவும் முன்வரைவாகவுமே இருந்தன. எஞ்சியவை வீதிகளிலும் வீடுகளிலும் மனிதரோடு முதுமையடைந்துகொண்டிருந்தன. பல மனிதரோடு புதைக்கப்பட்டுவிட்டன.

தோலோவியத்தை நூதனசாலையில் வைக்கும் முயற்சி நடைபெறாமலுமில்லை. தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நோயியல் நூதனசாலையிலே, பச்சை குத்தப்பட்டோர் இறந்தபின் அவர்தம் தோல் பதனிடப்பட்டுப் பேணப்பட்டுள்ளது. புகுஷி மசாயிச்சி என்னும் நோயியல் அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இச்சேகரத்தைத் தொடங்கினார். அவற்றின் படங்களைக் கண்டோர் கோட்டின் நேர்த்தியை வியப்பர். ஆனால் நாகம் அசைவதில்லை. தசை நீங்கியதும் வளைவு நீங்குகின்றது. எஞ்சுவது ஒரு விரித்த தோல். ஹார்டியின் முன்வரைவுகளில் தாள்மீது பிழையாகத் தெரிந்த பருமனும் நெளிவும் அங்கு உண்மையாகவே பிழையாகிவிடும்.

ஆதலின் அவரை மதிப்பிடவிரும்பும் திறனாய்வாளனுக்கு வழக்கமான சாதனங்கள் போதா. ஓவியத்தைச் சுவரிற் கண்டு எழுதுவோன், அது தனக்காகவே தீட்டப்பட்டது எனக் கொள்வதுண்டு. முதுகிற் குத்திக்கொண்டவனோ தன் ஓவியத்தைக் கண்ணாடியின்றி ஒருபோதும் பார்ப்பதில்லை. பிறர் பார்ப்பதைப் பற்றியும் அவன் பலவேளை கவலைப்படுவதில்லை. அதனை வேண்டியவனும் அவனே, தாங்கியவனும் அவனே, கழுவி எண்ணெய் பூசி ஆறவைத்தவனும் அவனே. ஹார்டியின் முன்வரைவுகள் பலவற்றில் உருவம் எழுதப்படுவதற்கு முன்பே தோள், இடுப்பு ஆகியவற்றின் புறக்கோடு மெல்லியதாக வரையப்பட்டிருப்பதைக் காணலாம். நாகத்தின் வால் எங்கு முடியவேண்டும் என்பதை அக்கோடே தீர்மானித்தது. அக்கோட்டுக்குரியவரின் பெயர் பெரும்பாலான தாள்களில் இல்லை.